குவும் சுவும்

ஒன்றாம் வகுப்பு அவள் தலையில் வந்து விழுந்ததற்கு ஒரே ஒரு ‘அப்பாடா’தான் காரணம்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின வாரம் ஆசிரியர் கூட்டம் நடந்தது. தலைமை ஆசிரியை, அதாவது எல்லோரும் ‘பெரிய டீச்சர்’ என்று கூப்பிடுகிறவர், ஒழுக்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அந்தத் தலைப்பில் இறங்கிவிட்டால் அவர் லேசில் கரையேற மாட்டார். சாப்பாட்டுக்குப் பிந்தின வேளை, மின்விசிறி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நம் டீச்சருக்குக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்கத் தெரியும். பல வருஷம் ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்ததில் கைவந்த வித்தை அது. பெரிய டீச்சர் தண்ணீர் குடிக்கக் கொஞ்சம் நிறுத்தினார். பேச்சு முடிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு இவள், “அப்பாடா” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

மறுநாள் வகுப்புப் பட்டியலில் அவள் பெயர் ஐந்திலிருந்து ஒன்றுக்கு இறங்கியிருந்தது.

“சின்னப் பிள்ளைங்க கூட இருந்தா உங்களுக்கும் சுறுசுறுப்பு வரும்” என்றார் பெரிய டீச்சர், சிரிக்காமல்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எவ்வளவு மோசமானவர்களாக இருந்தாலும் மூக்கை அவர்களே சிந்திக்கொள்வார்கள். இங்கே முப்பது சொச்சம் மூக்கு, அத்தனையும் டீச்சரின் பொறுப்பு. நாற்காலிகள் முழங்கால் உயரம்கூட இல்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க யாராவது கை கொடுக்கவேண்டும். கை கொடுக்க வருகிற கை பசையாகவோ, கடித்துப் பாதியில் விட்ட பிஸ்கட்டோடோ இருக்கும். பாடம் நடக்கும்போதே ஒருத்தி எழுந்து, “டீச்சர், உங்களுக்கு மீசை இருக்கு” என்பாள். வகுப்பே எழுந்து கிட்டே வந்து பார்த்து, ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் போய் உட்காரும்.

வகுப்புக்கு ஒரு ஆயா உண்டு. வாளியும் துடைப்பமுமாக வாசலிலேயே காவல் நிற்பாள். முதல் நாளே கணக்கைப் பேசி முடித்துவிட்டாள்.

“கழுவி விடுறது என் வேலை டீச்சர். எழுத்து உங்க வேலை. ரெண்டுல எது கஷ்டம்னு வருஷக் கடைசில பேசிக்குவோம்.”

வருஷக் கடைசி வரை காத்திருக்கத் தேவை இல்லாமல் போயிற்று. ஆயாவின் வேலைக்காவது தண்ணீர் ஊற்றினால் பலன் தெரிந்தது. எழுத்து விஷயத்தில் டீச்சர் தலைகீழாக நின்று பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளைகள் வாசிப்பது மாதிரி வாய் அசைத்தார்களே தவிர வாசிக்கவில்லை. புத்தகத்தில் பசு படம் போட்டுக் கீழே ‘பசு’ என்று எழுதியிருக்கும். விரலை வைத்து வாசிக்கச் சொன்னால் மொத்த வகுப்பும் ஒரே குரலில், “மாடு” என்று வாசித்தது. படத்தைக் கையால் மறைத்தால் ஊமையாகிவிடும். கைக்குக் கீழே மாடு இருப்பது தெரிந்த ஒன்றிரண்டு கெட்டிக்காரர்கள் மட்டும் அப்போதும், “மாடு” என்பார்கள்.

இதில் உகரம் வேறு வந்து சேர்ந்தது. கி, சி, டி எல்லாவற்றுக்கும் தலைமேல் ஒரே கொக்கி என்பதால் இகரம் எப்படியோ ஒப்பேறிவிட்டது. உகரம் அப்படியா? ‘கு’வுக்குக் கீழே வளைந்து சுற்றும். ‘சு’வுக்குக் கோடு ஒன்று காலைத் தொங்கப் போடும். ‘து’வுக்குப் பக்கத்தில் வால் முளைத்து மேலே ஏறும்.

“ஏன் டீச்சர் எல்லாத்துக்கும் ஒரே மாதிரி வைக்கல?” என்று கேட்டான் பல் டாக்டர் மகன். முன்பல் இரண்டும் விழுந்து, பேசும்போது காற்று வாங்கும் பையன்.

“நான் வைக்கலப்பா. நான் வர்றதுக்கு முன்னாடியே வச்சுட்டாங்க.”

“யாரு?”

“தெரியல.”

“பெரிய டீச்சரா?”

இருக்கலாம் என்று சொல்ல டீச்சருக்கு நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டாள்.

படம்தான் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று முடிவுசெய்து, செருப்புக்கடைப் பெட்டிகளை வாங்கி வந்து வெட்டி, ஒரு அட்டைக்கு ஒரு எழுத்து என்று கறுப்பு மையில் எழுதினாள். அட்டைகளைத் தரையில் குவித்து, “நீங்களா சேர்த்து ஒரு வார்த்தை செய்யுங்க” என்றாள். குழந்தைகள் கோபுரம் கட்டினார்கள். சிலர் தின்று பார்த்தார்கள்.

தின்று பார்த்தவர்களில் முதல் ஆள் ‘பொத்தான்’. சட்டையின் மேல் பொத்தானைக் கடித்து மென்றுவிடுவாள் என்பதால் வந்த பெயர். வாரத்துக்கு ஒரு பொத்தான் அவள் வயிற்றுக்குள் போவதும், அது வெளியே வந்ததா இல்லையா என்று ஆயா விசாரிப்பதும் வகுப்பின் வாடிக்கை. பேருந்து ஓட்டும் பெண் ஒருத்தியின் மகள். அம்மாவுக்குக் குரல் எட்டுத் தெருவுக்குக் கேட்கும், மகள் வாயையே திறக்க மாட்டாள். ‘அ’ எங்கே என்று கேட்டால் டீச்சரின் முகத்தைப் பார்ப்பாள். முகத்தில் விடை இல்லையென்றால் பொத்தானைக் கடிப்பாள். இவளை எப்படிக் கரை சேர்க்கப் போகிறோம் என்று டீச்சர் கவலைப்படுவதைக்கூட விட்டுவிட்டாள்.

ஒரு புதன்கிழமை மத்தியானம், வகுப்பு அதிசயமாக அமைதியாக இருந்தது. எல்லோரும் அட்டைகளைப் பரப்பிக்கொண்டு குனிந்திருந்தார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நீளமான சத்தம். கடைசியில் கேள்வி கேட்பதுபோல மேலே ஏறி நின்றது.

ஒரு கணம் யாரும் மூச்சு விடவில்லை. விட்டவர்கள் வருத்தப்பட்டார்கள். பிறகு வகுப்பு இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. யார் யார் என்று ஒருவரை ஒருவர் கைகாட்டினார்கள். பல் டாக்டர் மகன் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்துக்கொண்டு, எதிரே இருந்தவனைக் கைகாட்டினான்.

பொத்தான் மட்டும் சிரிக்கவில்லை. அட்டைக் குவியலை இரண்டு கையாலும் கிளறிக்கொண்டிருந்தாள். ஒரு அட்டையை எடுத்தாள், திருப்பிப் பார்த்தாள், கீழே போட்டாள். வேறொன்றை எடுத்து வைத்துக்கொண்டாள். இன்னும் கிளறினாள். பிறகு எழுந்து போய், பல் டாக்டர் மகன் முன்னால் குந்தி, இரண்டு அட்டைகளையும் ஒட்டினாற்போலத் தரையில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள்.

பக்கத்தில் இருந்தவன் விரலை வைத்தான்.

“கு” என்றான். “சு” என்றான்.

இன்னொருத்தி எட்டிப் பார்த்து இரண்டையும் சேர்த்து வாசித்தாள். வாசித்த வேகத்தில் அவளே பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குள் செய்தி வரிசை வரிசையாகப் பரவிவிட்டது. முப்பது சொச்சம் பேரும் எழுந்து ஓடிவந்து, முண்டியடித்துக்கொண்டு, தரையில் கிடந்த இரண்டு அட்டைகளையும் வாசித்தார்கள். அங்கே படம் எதுவும் இல்லை. டீச்சரின் முகத்தை யாரும் பார்க்கவும் இல்லை.

குற்றவாளியும் குனிந்து வாசித்தான். “நான் இல்ல” என்றான், காற்று வாங்கிக்கொண்டே. யாரும் நம்பவில்லை. எழுதியே வைத்தாகிவிட்டதே.

டீச்சருக்கு மயிர்க்கூச்செறிந்தது. அட்டைகளைப் பிடுங்கி, அசிங்கம், சீ என்று ஒரு அதட்டல் போடுவதுதான் முறை. வாய்வரைக்கும் வந்த அதட்டலை அவள் விழுங்கிவிட்டாள்.

“சரியா எழுதியிருக்கா” என்றாள். “இதுல ‘கு’வை எடுத்துட்டு ‘ப’ வச்சா?”

அட்டை மாறியது.

“பசு” என்றது வகுப்பு. மாடு என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை.

அன்றோடு டீச்சருக்கு வெட்கம் விட்டுப்போயிற்று. பாடப்புத்தகத்தை மூடி வைத்தாள். சளி, வாந்தி, அழுக்கு, நாத்தம், அழுகின பழம் என்று, பிள்ளைகளின் மனசுக்கு உகந்த வார்த்தைகளாகப் பொறுக்கிப் பலகையில் போட்டாள். பிள்ளைகள் அல்வா மாதிரி விழுங்கினார்கள். ‘குரங்கு குசு விட்டது’ என்று ஒருத்தி முதன்முதலாக முழு வாக்கியம் எழுதிக் கொண்டுவந்தபோது, வகுப்பு எழுந்து நின்று கைதட்டியது. வாசலில் நின்ற ஆயா, “இந்த வீட்டுப்பாடத்த நான்தான் தினம் துடைக்கிறேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள். சில நாளில் பிள்ளைகள் கண்ணில் பட்டதையெல்லாம் வாசிக்க ஆரம்பித்தார்கள். சோப்பு உறை, கதவு, தீயணைக்கும் சிவப்பு உருளை எதையும் விட்டுவைக்கவில்லை.

எழுத ஆரம்பித்தவர்கள் வகுப்போடு நிறுத்திக்கொண்டிருந்தால் வம்பு இல்லை. பல் டாக்டர் தன் மருத்துவமனைக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தார். நோயாளிகள் காத்திருக்கிற அறையில், பற்களை எப்படித் துலக்குவது என்று விளக்கும் படத்துக்குக் கீழே, ஐந்து வயசுக்காரன் கை எட்டுகிற உயரத்தில், நல்ல பச்சை நிறத்தில் இப்படி எழுதியிருந்தது: ‘அப்பா குசு.’

பெரிய டீச்சரின் அறைக்கு அழைப்பு வந்தது. டாக்டர் அங்கே இறுகிப்போய் உட்கார்ந்திருந்தார். பெரிய டீச்சர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“சுவத்துல என்ன எழுதியிருக்கான்னு கேட்டீங்களா?”

“சொன்னாங்க” என்றாள் டீச்சர். பிறகு, கேட்கக்கூடாது என்று தெரிந்தும் கேட்டுவிட்டாள். “‘அப்பா’ல ‘ப்’ மேல புள்ளி வச்சிருந்தானா சார்?”

டாக்டர் யோசித்தார். “வச்சிருந்தான்” என்றார் எரிச்சலாக.

டீச்சருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அதுதான் பெரிய டீச்சருக்குப் பொறுக்கவில்லை. சனிக்கிழமை பெற்றோர் கூட்டம், எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்பு, அதுவரை அந்த வார்த்தை பள்ளி எல்லைக்குள் ஒலிக்கக்கூடாது என்று மூன்று உத்தரவு போட்டார். மூன்றாவது உத்தரவை அவர் காலைக் கூட்டத்தில் காரணம் சொல்லாமல் அறிவித்ததால், மத்தியானத்துக்குள் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் எல்லோருக்கும் காரணம் தெரிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் டீச்சர் அட்டைகளை எடுத்து மூட்டை கட்டினாள். ஆயா தரை துடைத்துக்கொண்டிருந்தாள்.

“மன்னிப்புக் கேக்கப் போறீங்களா டீச்சர்?”

“கேக்காம? வேலை வேணுமே அக்கா.”

“எதுக்குன்னு கேப்பீங்க?”

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்தக் கேள்விதான் டீச்சரின் மண்டையைக் குடைந்தது. பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரிந்ததற்கா? தனக்குச் சிரிப்பு வந்ததற்கா?

சனிக்கிழமை பெற்றோர் திரண்டு வந்தார்கள். பிள்ளைகளை விட்டுவர இடமில்லாததால் அவர்களும் வந்து, வகுப்பின் பின்னால் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பொத்தானின் அம்மா வேலைக்குப் போகிற வழியில் சீருடையோடு வந்திருந்தாள். யாரோ ஒரு பையனுக்காகக் காது மந்தமான தாத்தா ஒருவர் வந்து முதல் வரிசையைப் பிடித்திருந்தார்.

பெரிய டீச்சர் எழுந்தார்.

“இந்த வகுப்புல ஒரு தகாத சொல் பரவியிருக்கு. அதை உங்க முன்னாடி சொல்ல என் நாக்கு கூசுது.”

“என்ன பரவியிருக்காம்?” என்றார் தாத்தா, பக்கத்தில் இருந்தவரிடம். “காய்ச்சலா?”

“காய்ச்சல் இல்லீங்க. ஒரு சொல் பரவியிருக்காம்.”

“என்ன சொல்?”

பெரிய டீச்சர் தொண்டையைச் செருமினார். “அது... உடம்புலேர்ந்து... காத்து சம்பந்தப்பட்டது.”

“காத்தா? புயல் ஏதும் வருதா?”

பொத்தானின் அம்மா கை தூக்கினாள். “மேடம், என்ன வார்த்தைன்னு சொன்னாத்தானே வீட்டுல கண்டிக்க முடியும்? நான் பாட்டுக்கு வேற வார்த்தையக் கண்டிச்சு, அதை இவ புதுசா கத்துக்கிட்டா?”

நியாயம்தான் என்று நாலு பேர் தலையாட்டினார்கள்.

“ரெண்டெழுத்து வார்த்தை” என்றார் பெரிய டீச்சர்.

பெற்றோர் முகங்கள் சட்டென்று மாறின. இரண்டெழுத்தில் அவர்களுக்குத் தெரிந்திருந்த வார்த்தைகள் அப்படி. ஒரு அப்பா தன் மகனைத் திரும்பிப் பார்த்தார். ஒரு அம்மா புருஷனைப் பார்த்து, “எல்லாம் நீங்க டிவி பாக்கும்போது பேசறதுதான்” என்றாள். விஷயம் உள்ளதைவிட மோசமாகப் போய்க்கொண்டிருந்தது. இதற்கு மேல் பூசி மெழுக முடியாது என்று பெரிய டீச்சருக்கும் தெரிந்துவிட்டது. வாயால் சொன்னால்தானே குற்றம்? விறுவிறுவென்று பலகைக்குப் போனார். சாக்கட்டியை எடுத்தார். அவர் கையெழுத்து ஊரறிந்த கையெழுத்து. அச்சில் வார்த்தமாதிரி பெரிதாக, சுழியும் காலும் சுத்தமாக, இரண்டு எழுத்தையும் எழுதி முடித்தார்.

“குசு” என்றது பாய் முழுவதும், ஒரே குரலில்.

பெரிய டீச்சர் சாக்கட்டியும் கையுமாக அப்படியே நின்றார். முதலில் சிரித்தவர் தாத்தா. அவருக்கு அது மட்டும் தெளிவாகக் கேட்டிருந்தது. பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. பல் டாக்டர் மட்டும் எழுந்து, “சிரிக்கிற விஷயம் இல்ல இது. இல்லாத ஒண்ண எம்மேல எழுதி வச்சிருக்கான். வர்றவங்க என்ன நினைப்பாங்க?” என்றார்.

“கார்ல வரும்போது விட்டீங்களேப்பா” என்றான் மகன் பாயிலிருந்து. “கண்ணாடிய இறக்குனோமே.”

டாக்டர் உட்கார்ந்துவிட்டார். அவர் தோள் கொஞ்ச நேரம் குலுங்கியது. அழவில்லை என்பது நிச்சயம்.

பெரிய டீச்சர் விடவில்லை. “இது ஒண்ணைத்தான் கத்துக் கொடுத்திருக்காங்க உங்க பிள்ளைங்களுக்கு. இப்பப் பாருங்க” என்று இரண்டெழுத்தை அழித்துவிட்டு, தனக்கு மிகவும் பிடித்த வார்த்தையை எழுதினார்: ‘ஒழுக்கம்.’

பாயில் சத்தம் அடங்கியது. டீச்சர் சுவரோரமாக நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். அந்த வார்த்தையை அவள் சொல்லிக் கொடுத்ததே இல்லை.

“ஒ” என்றார்கள். அடுத்த எழுத்தில், ‘அழுக்கு’வில் பார்த்த எழுத்துதான் என்றாலும், வண்டி நின்றுவிட்டது. முணுமுணுத்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பெரிய டீச்சரின் புருவம் ஏறத் தொடங்கியது.

“ழு” என்றது ஒரு குரல்.

யார் என்று டீச்சருக்கே விளங்கவில்லை. அந்தக் குரலை அவள் அதற்கு முன்னால் சரியாகக் கேட்டதில்லை. பொத்தான் முட்டி போட்டு எழுந்து, பலகையை மட்டும் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக இழுத்துக்கொண்டு போனாள். “ஒ... ழு... க்... க... ம்.” பிறகு சேர்த்து, “ஒழுக்கம்.”

அம்மாக்காரி வாயைப் பிளந்தாள். எட்டுத் தெருக் குரல் அவளுக்கு அப்போது வரவில்லை.

“டீச்சர்” என்றாள் பொத்தான், பெரிய டீச்சரைப் பார்த்து. “அப்படின்னா என்ன?”

பெரிய டீச்சர் வாயைத் திறப்பதற்குள் பல் டாக்டர் மகன் முந்திக்கொண்டான். “மூக்கு ஒழுகும்ல, அது.”

அதற்குப் பிறகு கூட்டத்தைக் கட்டி மேய்ப்பது யாராலும் ஆகவில்லை. சத்தம் கொஞ்சம் அடங்கியதும் டீச்சர் முன்னால் வந்து நின்றாள். மன்னிப்பு பாக்கி இருந்தது.

“சுவத்துல எழுதக்கூடாதுன்னு நான் முதல்லயே சொல்லிக் கொடுத்திருக்கணும். சொல்லல. அதுக்கு மன்னிச்சிருங்க சார்.” கொஞ்சம் நிறுத்தினாள். “வேற எதுக்கும் எனக்கு மன்னிப்பு கேக்கத் தோணல.”

“அழிச்சாச்சு, விடுங்க” என்றார் டாக்டர். “பச்சை மட்டும் போக மாட்டேங்குது.”

எல்லோரும் போனபிறகு பெரிய டீச்சர் அவளை நிறுத்தினார். காலி வகுப்பில், முழங்கால் உயர நாற்காலி ஒன்றில் அவரும் உட்கார்ந்துவிட்டிருந்தார்.

“அடுத்த வருஷம் உங்களை அஞ்சாம் வகுப்புக்கே திருப்பி அனுப்பலாம்னு இருந்தேன்.”

டீச்சர் பாயைச் சுருட்டுவதை நிறுத்தினாள்.

“அனுப்ப மாட்டேன். அந்த வயசுப் பிள்ளைங்களுக்குத் தெரிஞ்ச வார்த்தையெல்லாம் நீங்க எழுதச் சொல்லிக் கொடுத்தா, பள்ளிக்கூடத்தையே மூட வேண்டியதுதான். இங்கயே இருங்க.” எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. கையை நீட்டினார். “கொஞ்சம் தூக்கி விடுங்க.”

பள்ளிக்கூடம் திறந்த நாளிலிருந்து ஐந்தாம் வகுப்பை நினைத்துப் பெருமூச்சு விட்டவள் அவள். இப்போது அந்தப் பெருமூச்சு வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அது அவளுக்கே கொஞ்சம் எரிச்சலாக இருந்தது.

திங்கட்கிழமை உகரம் முடிந்து ஊகாரம். டீச்சர் முன்யோசனையாகப் ‘பூ’வில் தொடங்கினாள். படம் இல்லாமலே எல்லோரும் வாசித்தார்கள், சுரத்தே இல்லாமல். அடுத்து ‘மூ’ எழுதினாள்.

“இதுல ஆரம்பிக்கிற வார்த்தை ஒண்ணு சொல்லுங்க பாப்போம்.”

கேட்டபிறகுதான் என்ன கேட்டோம் என்று உறைத்தது. வகுப்பு யோசித்தது. ஒரு ஓரத்தில் தொடங்கிய புன்னகை மெல்ல எல்லா வரிசைக்கும் பரவியது. வாசலில் ஆயா துடைப்பத்தை நிறுத்திவிட்டாள். பல் டாக்டர் மகன் இரண்டு கையையும் தூக்கியிருந்தான்.

“நீ கையை இறக்கு” என்றாள் டீச்சர். “வேற யாராவது.”

பொத்தான் எழுந்து வந்தாள். சாக்கட்டியை வாங்கிக்கொண்டு, ‘மூ’வுக்குப் பக்கத்தில் எட்டி எட்டி எழுதினாள். மூக்கு.

“சே” என்றது வகுப்பு.

அவள் திரும்பி அவர்களை ஒரு பார்வை பார்த்தாள். மறுபடி எட்டி, தொடர்ந்து எழுதினாள். மூக்குச்சளி.

“இது பரவால்ல” என்றான் பல் டாக்டர் மகன்.

“எல்லாரும் எழுதிக்குங்க” என்றாள் டீச்சர். ஆயா வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போனாள்.